ஒரு வரி தள்ளி

இப்படி உக்காருங்க அக்கா, பையை எங்கிட்ட குடுங்க, மடியில வெச்சுக்கறேன். கோயமுத்தூரு வரைக்குமா? நாங்களும் அங்கதானுங்க. முன்னால பாருங்க, ஜன்னல்ல தலையைச் சாச்சுட்டு பச்சைச் சுடிதார்ல ஒரு புள்ளை இருக்குதுங்களா, கையில கட்டுப் போட்டுட்டு? எம் பொண்ணுதானுங்க. மிருதுளான்னு பேரு. ரெண்டு பேருக்கும் சேந்தாப்பல எடம் கெடைக்கலை. அதுவும் நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கோங்க.

கண்ணு டாக்டரைப் பாக்கப் போறோம்னு சொல்லீட்டுத்தான் ஊட்டுல இருந்து கெளம்புனது. எதுத்த ஊட்டுக்காரி கேட்டா, அதத்தான் சொன்னேன். எங்க நாத்தனாரு போன்ல கேட்டா, அவகிட்டயும் அதேதான். உங்ககிட்ட எதுக்குங்க பொய்யி? நீங்க யாரோ, நான் யாரோ. காந்திபுரத்துல எறங்குனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கத்துக்குன்னு ஒரு டாக்டரு இருக்காராமா, அவருகிட்டத்தான் போறோம். தூங்கறதுக்கு ஒரு டாக்டரு. எங்கம்மா இருந்திருந்தா சிரிச்சே செத்திருக்கும்.

நெம்ப நல்லாப் படிக்கற புள்ளைங்க அவ. பன்னெண்டாவது. கணக்குன்னா அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. டாக்டருக்குப் படிக்க வெக்கோணும்னு எங்களுக்கு ஒரு ஆசை. எங்களுக்குன்னா எனக்குத்தான். எங்கூட்டுக்காரரு தறிப் பட்டறைக்குப் போறவரு, அவரு எதுக்கும் ஆசைப்பட மாட்டாரு. அந்தப் பரீச்சைக்கு மாதிரித் தேர்வெல்லாம் இப்ப போன்லயே எழுதறாங்களாமே, அதுக்குன்னு எங்கண்ணன் ஒரு பெரிய போனா வாங்கிக் குடுத்தான். தாய்மாமனாச்சுங்களே. அவளுக்குத் தனி ரூமு. கதவைச் சாத்திக்குவா. கதவுக்குக் கீழ வெளிச்சம் தெரியும். நான் தண்ணி குடிக்க எந்திரிச்சாலும் வெளிச்சம், வெடியால வாசத் தெளிக்க எந்திரிச்சாலும் வெளிச்சம். எனக்கு எப்பிடி இருந்திருக்கும், சொல்லுங்க. எங்க தெருவுல எந்தப் புள்ளையாச்சும் அப்பிடிப் படிச்சிருக்குதா? நான் போற எடமெல்லாம் சொன்னேன். ரேசன் கடை வரிசையில சொன்னேன். ஒரம்பரை, சொந்தக்காரங்க வந்தா அவ மூஞ்சியக் காட்டிச் சொல்லுவேன், பாருங்க, கண்ணுக்குக் கீழ எப்பிடிக் கருத்துப் போச்சுன்னு. அதென்னமோ கழுத்துல போட்ட நகை மாதிரி காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பூஸ்ட் கலக்கிக் கதவுக்கு முன்னால வெச்சுப்போட்டு, சத்தம் போடாம வந்துருவேன்.

பொறகு சின்னச் சின்னதா ஆரம்பிச்சுதுங்க. பாலு பொங்குதான்னு பாரு கண்ணும்பேன். அடுப்புக்கு முன்னாலயே நிப்பா. பாலு பொங்கி, வழிஞ்சு, அடுப்பு அணைஞ்சு போயிரும். அவ பாத்துக்கிட்டே நிப்பா. பாக்கத்தான சொன்ன, அப்பிடிங்கற மாதிரி ஒரு பார்வை. அவங்கப்பா காப்பியில உப்பப் போட்டுக் குடுத்தா. அவரும் குடிச்சுப்போட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டாரு, அவரு ஒரு மனுசன். ஒரு காலுல அவ செருப்பு, இன்னொரு காலுல எஞ் செருப்பு, அப்பிடியே ஸ்கூலு பஸ்ஸு ஏறிப் போயிட்டா. ஒரு கேள்வி கேட்டா, கெணத்துல கல்லைப் போட்டுட்டுச் சத்தத்துக்குக் காத்துட்டிருக்கற மாதிரி நிக்கோணும். அப்பறம் வரும் பதிலு. அதும் வேற கேள்விக்கு.

நான் என்ன நெனச்சேன்? படிப்பு மண்டையில ஏறுது, மத்ததுக்கு எடமில்லைன்னு நெனச்சேன்.

அவ கிளாஸு மிஸ்ஸு ஒருக்கா கூப்பிட்டு விட்டாங்க. புள்ளை வகுப்புல தூங்குதுங்கம்மான்னாங்க. அப்பறம் ஒரு தாளைக் காட்டுனாங்க. வட்டம் வட்டமா இருக்கும் பாருங்க, சரியான விடைய கருப்படிக்கறது. அதுல அவ ஒரு வரி தள்ளி அடிச்சிருக்கறா. பத்தாங் கேள்வியோட விடைய பதினொண்ணுல, பதினொண்ணோடத பன்னெண்டுல. அங்கிருந்து கடைசி வரைக்கும் அப்பிடியே. அத்தனையும் தெரிஞ்சிருக்குதுங்க, அத்தனையும் தப்பு. ஊட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்கம்மா, ராத்திரி தூங்கறாளான்னு பாருங்கன்னாங்க. எனக்கு வந்துதே கோவம். தூங்காமப் படிக்கற புள்ளையத் தூங்குதான்னு கேக்கறாங்களே. எம் பொண்ண பேனுக்கு நேரா உக்கார வெச்சிருக்கறீங்க, அதான் அசந்து போறா, எடத்தை மாத்தி உக்கார வைங்கன்னு சொல்லீட்டு வந்துட்டேன்.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. மத்தியானம், கறிக்கொழம்பு வெச்சு எல்லாரும் தின்னுப்போட்டு அவரு சித்த நேரம் கண்ணசந்துட்டாரு. நான் துணி மடிச்சு அவ ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன், உள்ள பேச்சுச் சத்தம். மெதுவாத்தான் பேசறா. ஆனா எம் பொண்ணு கொரலே இல்லீங்க அது. எங்ககிட்ட அப்பிடிப் பேசுனதே இல்லை. அத்தனை கெட்டி, அத்தனை பாசம்.

"நீ வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன் கருணா. நீ விழுந்தீன்னா நான் தூக்கி விடறேன். பயப்படாம வா."

கதவுல காதை வெச்சுக் கேட்டா, அந்தப் பக்கம் ஒரு பையன் கொரலு. "சரி, உன்னைய நம்பித்தான் வர்றேன்"ங்கறான்.

உங்களுக்கும் பொண்ணு இருக்குதுங்களா? அப்ப உங்களுக்குத் தெரியும். என்னென்னமோ ஓடுச்சு மனசுல. விடிய விடிய வெளிச்சம் எரிஞ்சது இதுக்குத்தானா? காப்பியில உப்புப் போட்டது இதுக்குத்தானா? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்திப் போச்சு. காதல் பண்ற புள்ளைதான அப்பிடி நிக்கும், பாலு பொங்கறதப் பாத்துக்கிட்டு? கதவத் தட்டவே இல்லீங்க நான். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டா உசாராயிருவா, ஓடிப் போயிருவான்னு பயம். அவ கூடப் பிசிக்ஸ் டியூசனுக்கு வர்ற பையனுக யாரு யாருன்னு யோசிச்சேன். அதுல கருணாகரன்னு ஒருத்தன். மாவு மில்லுக்காரரு பையன். ஒருக்கா மழை பேஞ்சப்ப இவளுக்குக் குடை குடுத்தான். நானே பாத்திருக்கறேன். வேற யாரா இருக்க முடியும்? பேரே கருணான்னு காதுல கேட்டேனே.

எங்கண்ணனுக்குப் போன் பண்ணுனேன். பொழுதோட ரெண்டு பேருமா மில்லுக்கே போயிட்டோம். அரைக்கறதுக்குப் பொம்பளைக அஞ்சாறு பேரு டப்பாவோட நின்னுட்டிருந்தாங்க. எங்கண்ணன் வெளிய வாங்கன்னு கூப்பிட்டான், ஆனா சத்தமாத்தான் பேசுனான். நானும் பேசுனேன். நீங்க புள்ளைய வளத்த லட்சணம் இதுதானான்னு கேட்டேன். அந்த மனுசன் மூஞ்சியெல்லாம் மாவு. தொடைக்காம அப்பிடியே நின்னு கேட்டாரு. பையனக் கூப்பிட்டாரு. அவன் வந்தான், கேட்டான், இல்லைங்கப்பான்னான். எங்கிட்ட போனே இல்லீங்களேன்னு என்னயப் பாத்துச் சொன்னான். வெடியால மில்லுத் தொறக்கோணும், நான் நேரத்துலயே தூங்கிருவனுங்கன்னான். அதுக்கு எங்கண்ணன், எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுவான்னான்.

அவங்கப்பா ஓங்கி ஒண்ணு குடுத்தாரு அவனுக்கு. எல்லாருக்கும் முன்னால. அடிச்சுப்போட்டு எங்களைப் பாத்துக் கும்பிட்டாரு. நம்பி அடிக்கலைங்க அக்கா அவரு. அது எனக்கு அப்பவே தெரிஞ்சுது. பொண்ணப் பெத்தவங்க வாசல்ல வந்து நிக்கறாங்களே, அதுக்கு ஒரு மரியாதை செய்யோணும்னு அடிச்சாரு.

ஊட்டுக்கு வந்து மிருதுளாகிட்டச் சொன்னேன். உன் கருணாவுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டு வந்துட்டோம், இனி நீ படிப்பப் பாருன்னேன். அவ என்னய வெறிக்கப் பாத்தா. பொறகு சிரிச்சா. சிரிச்சுட்டே அழுதா.

"அம்மா, அது கேமும்மா. அவன் கருணா இல்லை, கர்ணா. அது கேம்ல வெச்சுக்கற பேரும்மா."

போனைத் தொறந்து காட்டுனா. துப்பாக்கியத் தூக்கிட்டு நாலு பேரு ஓடறாங்க, சுடறாங்க. விழுந்தவனக் கூட்டாளி வந்து தூக்கி விட்டா உசுரு வருமாமா. அந்தக் கர்ணா திண்டுக்கல்லோ எங்கியோ, எட்டாவது படிக்கற பையனாமா. இவ மூஞ்சிய அவன் பாத்ததில்லை, அவன் மூஞ்சிய இவ பாத்ததில்லை. அவனும் தூங்கறதில்லை போல. அவனப் பெத்தவளுக்குத் தெரியுமோ என்னமோ, நான் கேக்கலைங்க.

எனக்கு எப்பிடி இருந்துச்சுங்கறீங்க? போன உசுரு திரும்பி வந்துச்சு. வெளையாட்டுத்தான? புள்ளைக வெளையாடறது ஒரு குத்தமா? நான் என்னமோ குடும்பமே நாறிப் போச்சுன்னு இருந்தேன். கட்டிப் புடிச்சு முத்தங் குடுத்தேன் அவளுக்கு. சித்த நேரம் வெளையாடிக்க, மிச்ச நேரம் படின்னு சொன்னேன். நானே போனைச் சார்ஜு போட்டுக் குடுத்தேன். அவ அன்னைக்கு எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாங்க. நிறுத்த முடியலம்மான்னு ஆரம்பிச்சா. கண்ண மூடுனாலும் அதுவே ஓடுதுன்னா. நான் கேக்கற நெலமையில இல்லை. சந்தோசத்துல இருந்தேன்.

மில்லுக்காரங்ககிட்டயா? போலாம்னுதான் இருந்தேன். எங்கண்ணன் சொன்னான், இப்பப் போய் நம்ம புள்ளை ராத்திரியெல்லாம் போன்ல வெளையாடறான்னு சொன்னா நமக்குத்தான் அசிங்கம், ஆறுனா தானா மறந்துரும்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. அந்தப் பையனத்தான் டியூசன்ல இருந்து நிறுத்திட்டாங்க. ஸ்கூல்ல பசங்க என்னமோ பேரு வெச்சுக் கூப்பிட்டாங்களாமா, பஸ்ஸுல வர்றத உட்டுட்டு சைக்கிள்ல போறான்னு கேள்விப்பட்டேன். அவனும் நல்லாப் படிக்கறவன்தானாமா.

நான் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தேன். பொண்ணு மேல ஒரு களங்கமும் இல்லாம இருந்தா மாவெளக்கு எடுக்கறேன்னு. அதைத் தீக்கோணுமில்லைங்களா. வெள்ளிக்கெழமை வெடியாலயே தலைக்குக் குளிச்சு, பட்டுச் சீலை கட்டி, தட்டத்த மடியில வெச்சுட்டு ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்தேன். ஓட்டுனது அவ. வாய்க்கா மேட்டு ரோடு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பாலத்துக்கிட்ட ரோடு சோத்தாங்கைப் பக்கம் திரும்பும். நல்ல வெளிச்சம். எதுக்க ஒரு வண்டி இல்லை. ரோடு திரும்புச்சுங்க. அவ திரும்பலை.

மிருதுளான்னு கத்துனேன். அவ மூஞ்சி வண்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது எனக்கு. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அதுதானுங்க எனக்கு இன்னும் மறக்கலை. தொறந்த கண்ணோட நேரா வாய்க்காலுக்குள்ள போயிட்டோம். தண்ணி உட்டிருந்த சமயம். பட்டுச் சீலை காலச் சுத்திக்கிச்சு. படித்துறையில துணி தொவைச்சுட்டிருந்தவங்க குதிச்சு எங்களை இழுத்துப் போட்டாங்க. இந்தா, நெத்தியில பாருங்க, இந்தத் தையலு அதுதான். அவளுக்குச் சோத்தாங்கை ஒடைஞ்சு போச்சு. அவங்க மட்டும் இல்லீன்னா, இன்னைக்கு நான் யாருகிட்ட பேசிட்டிருப்பேன்.

நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னேன். இழுத்துப் போட்டவங்ககிட்ட வாயில தண்ணி ஒழுக ஒழுக மொத வார்த்தை அதத்தான் சொன்னேன். யாரும் கேக்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலயும் அதே. அவங்கப்பாகிட்டயும் அதே. அவரு இன்னிக்கு வரைக்கும் அந்த நாயத் தேடிட்டு இருக்காருங்க.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னாங்க. பொறகு இவ பக்கத்துல உக்காந்து, நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லு கண்ணுன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கணக்குல புலி, அவகிட்டப் போயி. தொண்ணூத்தி மூணுன்னா. அப்பறம் எண்பத்தி... எண்பத்தின்னே நிக்கறா. ஒதடு ஆடுது, வரமாட்டேங்குது. நான் பக்கத்துல நின்னு பல்லக் கடிச்சுட்டு இருக்கறேன். எம் மனசுக்குள்ள எண்பத்தாறு எண்பத்தாறுன்னு அடிச்சுக்குது. எட்டாவது கூடத் தாண்டாத எனக்குத் தெரியுதே. கீழ உழுந்த அதிர்ச்சிங்க டாக்டருன்னு நான் சொன்னேன். டாக்டரம்மா என்னயப் பாக்கவே இல்லை. நீ எப்பக் கடைசியா ஒரு ராத்திரி முழுசாத் தூங்குனேன்னு அவகிட்டக் கேட்டாங்க. தெரியலைங்க மேடம்னா. அது ஒண்ணுக்குத்தான் யோசிக்காமப் பதில் சொன்னா.

அவங்க போனதுக்கப்பறம் எங்கிட்டச் சொன்னா, விழறப்பப் பயமே இல்லைம்மான்னு. "செத்தாலும் திரும்ப மொதல்ல இருந்து வந்துக்கலாம்னுதான் தோணுச்சு. தண்ணி மூக்குல ஏறுனப்பத்தான், அய்யோ இது நெசமாச்சேன்னு தெரிஞ்சுது. நீ பின்னால இருக்கறதே அப்பத்தான் ஞாபகம் வந்துச்சும்மா."

இத நான் அவங்கப்பாகிட்டச் சொல்லலை. யாருகிட்டச் சொல்லறதுங்க இத?

அடுத்த நாளு யாரு வந்தாங்கன்னு நெனைக்கறீங்க? மில்லுக்காரரு சம்சாரம், பரிமளான்னு பேரு. கையில எளநீ. நம்ம ஊருல ஆஸ்பத்திரியில கெடக்கறாங்கன்னா பகையாளியும் வந்து பாத்துட்டுத்தான போவாங்க. எனக்கு ஒக்காரச் சொல்லவும் வாய் வரலை. நாய் குறுக்க வந்துருச்சாமே அக்கான்னு கேட்டாங்க. ஆமாங்க, செவலை நாயிங்கன்னேன். நேத்து வரைக்கும் நாய்க்கு நெறமில்லை, அன்னிக்கு நெறமும் வந்துருச்சு.

கட்டிலு மேல படுத்திருந்தவ பேசறா.

"நாயெல்லாம் வரலைங்க அத்தை. நாந்தான் தூங்கிட்டேன். ராத்திரியெல்லாம் கேம் வெளையாடுவேன். எங்கம்மா காதுல கேட்டது அதுதான். கருணா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லைங்க."

எனக்கு நின்ன எடத்துலயே பூமி பொளந்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல எல்லாம் ஆளுக. இத்தனை நாளு மூடி மூடி வெச்சத, பெத்த புள்ளையே தொறந்து போட்டுருச்சேன்னு கோவம் எனக்கு. அந்தம்மா இவ தலமாட்டுல எளநீய வெச்சாங்க. போர்வைய இழுத்து உட்டாங்க, தூங்கு கண்ணுன்னாங்க. வெளிய வராந்தா வரைக்கும் நான் கூடப் போனேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்லத்தான் போனேன். வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்களே சொன்னாங்க, "எம் பையன் இன்னும் அவங்கப்பங்கூடப் பேசறதில்லீங்க."

அவ்வளவுதான். போயிட்டாங்க. நான் மறுபடி உள்ள வந்து இவளைத் திட்டுனேன்.

போனையா? அவளே குடுத்துட்டா. நாங்க புடுங்கலை. அவங்கப்பா பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. இந்த வருசம் பரீச்சை எழுத வேண்டாம்னு உட்டாச்சுங்க. கை ஒடைஞ்சுதுன்னு ஊருக்குச் சொல்லிக்க வசதியாப் போச்சு. ஆனா தூக்கம் வரணுமே. ராத்திரியில கண்ணை முழிச்சுட்டே கெடக்கறா, பகல்ல இப்பிடிச் சாஞ்சுக்கறா. தூக்கத்துல ரெண்டு கட்டை வெரலும் ஆடிட்டே இருக்கும். முந்திக்கு இப்பத் தேவலைங்க. போன வாரம் எங்கிட்ட உக்காந்து பேசுனா, கேட்டதுக்கு உடனே பதில் சொன்னா. கருணா ஊட்டுக்குப் போலாம்மா, மில்லுலயே போயிச் சொல்லலாம், அரைக்க வர்றவங்க முன்னாலயே சொல்லோணும்னா. நீ வரலீன்னா நான் மட்டும் போறேன்னா. நாந்தான், கை சரியாகட்டும், மார்கழி முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கறேன். போகோணும். போகாம இருக்க முடியுமா.

அவினாசி தாண்டிட்டமா? பேசிட்டே வந்ததுல தெரியலை.

ஏனுங்க? அப்பிடியா? உங்க தங்கச்சிய எங்க ஊரு கோபியிலயா கட்டிக் குடுத்திருக்கறீங்க? எந்தப் பக்கம்? அய்யோ, எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான அது. அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கறேன், இத அங்க பேசிப்போடாதீங்க. கட்டிக் குடுக்கற புள்ளை. எம் பொண்ணு பேரு மிருதுளா இல்லீங்க. தெரியாதவங்ககிட்டப் பேசறமேன்னு அத மட்டும் மாத்தித்தான் சொன்னேன். மத்ததெல்லாம் நெசந்தான்.

அந்தப் பையன் பேருங்களா?

கருணாகரன். அது நெசப் பேருதானுங்க. மாவு மில்லும் நெசந்தான், அவங்கம்மா பேரும் நெசந்தான். அத மாத்திச் சொல்லோணும்னு எனக்குத் தோணவே இல்லை பாருங்க. இத்தனை நேரத்துல, ஒருக்கா கூட.

கொஞ்சம் வழி உடுங்க அக்கா. நான் அவ பக்கத்துல போயி நின்னுக்கறேன்.